அவள் பேசாத பதினோரு வரிகள்

அமெரிக்கர்கள் மறுபடி எடுக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் ஒரு துண்டு இஞ்சியை உப்பில் தொட்டு வாயில் போட்டால்தான் வயிறு அடங்கும். வேறொரு நாட்டில் எவனோ ஒருத்தன் பட்டு நொந்து ஒரு படம் எடுத்திருப்பான். அதை இவர்கள் வாங்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, பல்லைத் தேய்த்துவிட்டு, புதுச் சட்டை மாட்டி, எங்கே சிரி பார்ப்போம் என்று நிறுத்துவார்கள். ஒரு அசலில் ரொட்டிக் கடைக்காரனின் அடுப்பு அணைந்துபோகும், அவன் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பான், படம் முடிந்துவிடும். நகலில் அதே ஆள் ஏதோ ஒரு போட்டியில் ஜெயிப்பான், ஊரே எழுந்து நின்று கைதட்டும். கைதட்டாத ஊர் என்று அமெரிக்காவில் ஒன்றுகூடக் கிடையாது போலிருக்கிறது.

இந்த அருவருப்பில் எனக்குக் கூட்டாளி ஒரே ஒருத்தி, என் அக்கா. நாங்கள் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழை வீட்டில் பேசியும், படிப்பை இங்கிலீஷில் படித்தும், சண்டையைப் பெங்காலியில் போட்டும் வளர்ந்தோம். கல்லூரி நாட்களில் குளிர்காலத் திரைப்பட விழாவுக்கு ஃப்ளாஸ்கில் டீயோடு போய் வரிசையில் நிற்போம். காலையில் போலந்து, மத்தியானம் ஈரான், சாயங்காலம் கால் வலி. அப்போது தொடங்கியது எங்கள் விளையாட்டு. ஒரு படத்தின் அசலை ஒரு வாரம் பார்ப்பது, அதன் அமெரிக்க நகலை அடுத்த வாரம் பார்ப்பது, பிறகு உட்கார்ந்து நகலைத் தோலுரிப்பது. அக்கா கல்யாணமாகிச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அதற்குப் பிறகும் போன் வந்தது. ஆனால் படத்தைத் தவிர வேறு எதையும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். நான் அவளுக்குச் சொல்லவில்லை. சாந்த்ராகாச்சி என்ன சீமையிலா இருக்கிறது? புதுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பஸ் தூரம். அவள் பெண்ணுக்குப் பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது, பரீட்சை முடியட்டும், அப்பா எப்படியும் எழுந்துவிடுவார் என்று இருந்துவிட்டேன். இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். நான்காம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். அக்கா வந்தபோது அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். “சொல்லியிருக்கலாம்” என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு சரி. அழுது கத்தியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவள் என்னை மன்னித்தாளா இல்லையா என்று தெரியாமல் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனை எடுத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்காவது அதைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று.

என் வேலை சால்ட் லேக்கில், செக்டார் ஃபைவில் ஒரு சின்ன ஆபீசில். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். வெளியில் சொன்னால் பெரிதாக இருக்கும், உள்ளே வந்து பார்த்தால் சிரிப்பீர்கள். படம் எந்த மொழியாக இருந்தாலும் எங்களுக்கு வருவது ஒரு இங்கிலீஷ் ஷீட். எந்த நொடியில் என்ன வசனம் என்று வரிசையாக இருக்கும். எதிரே தமிழை நிரப்ப வேண்டும். பாதி நேரம் படத்தையே அனுப்ப மாட்டார்கள், திருட்டுப் போய்விடுமாம். முகத்தைப் பார்க்காமல் வசனம் எழுதுவது, ருசி பார்க்காமல் ஊருக்கே சமைப்பது மாதிரி. பத்துத் தடவை சண்டை போட்டேன், பிறகு பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது மனுஷ ஜென்மம்?

அக்காவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். இருந்தாலும் நான் எழுதிய படங்களை மட்டும் தமிழ் சப்டைட்டிலோடு பார்ப்பாள், தப்புக் கண்டுபிடிக்கத்தான். “ஒழுங்கா லெட்டர் எழுதத் தெரியாதவ சப்டைட்டில் எழுதறா” என்பாள். அவள் தமிழ் என்னுடையதைவிட நல்ல தமிழ் என்பதை நான் ஒருநாளும் அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

போன துர்கா பூஜைக்கு முன்னால் இரண்டு படங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டில் எடுத்த அசல். இன்னொன்று அதன் அமெரிக்க நகல். இரண்டையும் ஒரே ஓ.டி.டி. வாங்கி ஒரே நாளில் போடப் போகிறது. நகலுக்குப் படமும் ஷீட்டும் வந்தன. அசலுக்கு வழக்கம்போல ஷீட் மட்டும்தான் வந்தது.

முதலில் நகலைப் பார்த்தேன். கதையைக் கேளுங்கள். இரண்டு சகோதரிகள். தாய் சாகக் கிடக்கிறாள். தங்கை தாயோடு இருக்கிறாள், அக்கா படகில் போகிற தூரத்தில் ஒரு தீவில் இருக்கிறாள். தங்கை அக்காவுக்குச் சொல்லவில்லை. தாய் போன பிறகுதான் அக்கா வருகிறாள்.

கதை இவ்வளவு தூரம் போனதும் படத்தை நிறுத்தினேன். இந்தப் படத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

நகலில் எல்லாம் பளபளவென்று இருந்தது. சாவு வீட்டுச் சமையலறை எங்கள் ஃப்ளாட்டைவிடப் பெரிது. சாகிற தாய் தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டு படுத்திருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே வாழ்க்கையைப் பற்றி மூன்று தத்துவம் சொன்னாள். எல்லாம் புரிந்த ஒரு நாய் கட்டிலடியில் கண்ணீர் விட்டது. தங்கை ஏன் சொல்லவில்லை? அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பனி பெய்து போன் கம்பி அறுந்துவிட்டதாம்! அவள் முயற்சி செய்தாளாம், கிடைக்கவில்லையாம், பாவமாம். யார்மேலும் தப்பில்லை, பனிமேல் தப்பு. கடைசியில் மழை கொட்டுகிறது, வயலின் வாசிக்கிறார்கள், அக்காக்காரி திரும்பி, “நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன்” என்று தங்கையைக் கட்டிக்கொள்கிறாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். ஆபீசில் எல்லோரும் இருக்கும்போது மூக்கைச் சிந்தி அழுதேன். பக்கத்து நாற்காலியில் இருந்த கோயம்புத்தூர்ப் பெண் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். “இதுக்குத்தான் மேடம் எனக்கு ரீமேக்கே பிடிக்கும். எல்லாம் நல்லாப் புரிஞ்சுடுது” என்றாள். வேறு நாளாக இருந்தால் அவளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். அன்றைக்குத் தண்ணீரைக் குடித்தேன்.

அசலின் ஷீட்டைப் பஞ்சமி அன்று முடித்தேன். கொல்கத்தாவில் பஞ்சமி என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் எந்த வண்டியும் நகராது. ஊரே துர்கை பந்தல்களைப் பார்க்கத் தெருவில் இறங்கிவிடும். அதற்குள் எல்லா வேலையையும் அனுப்பிவிட்டு ஆபீசைப் பூட்டுவது வழக்கம். நான்கு மணிக்கு என் வேலையை மென்பொருளில் ஏற்றினேன். கடைசியில் சிவப்பு விழுந்தது.

எங்கள் மென்பொருளுக்கு மௌனம் என்றால் தெரியாது. மூன்று நிமிஷத்துக்கு மேல் வசனம் இல்லாவிட்டால் வரி விட்டுப்போயிற்று என்று சிவப்பு விளக்கைப் போடும். அசலின் ஷீட்டில் கடைசி ஏழு நிமிஷம் காலியாக இருந்தது. எங்கள் டீம் லீடர் ஒரு பெங்காலி, எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கீ ஹொலோ, தீதி?” என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார்.

கடைசிப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது, படம் இல்லாமல் சொல்ல முடியாது, ஓ.டி.டி.காரர்களைக் கேட்டு எழுதலாம் என்றேன். பூஜை முடிந்துதான் பதில் வரும், படம் அஷ்டமியன்று வெளியாகிறது என்றார். பிறகு அவர் சொன்னது இதுதான்: இரண்டும் ஒரே கதைதானே, ஒரே காட்சிதானே, அதில் இருப்பதை எடுத்து இதில் போடுங்கள்.

நான் மறுத்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்க நகல்களைக் காறித் துப்பியவள், அசல் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாதா? எந்த அசலிலாவது மழையில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்களா? ஆனால் அந்தக் கடைசி வரி எனக்கு வேண்டியிருந்தது. நகலிலிருந்து பதினோரு வரிகளை எடுத்தேன், நேரத்தைக் கணக்காகப் பிரித்து ஏழு நிமிஷத்துக்கும் பரப்பினேன். நகலில் எழுதியதைவிட இங்கே தமிழை இன்னும் கொஞ்சம் இழைத்தேன்கூட. சிவப்பு பச்சையானது. தாதா “பா! தாருண்!” என்று பாராட்டிவிட்டு ஓடினார். நானும் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

தசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்காவின் போன்.

“படம் பாத்தேன்.”

“எது, அசலா நகலா?”

“ரெண்டும். அசல் நல்லா இருந்துது. ஆறின காப்பி மாதிரி முகம் அக்காவா நடிச்ச பொம்பளைக்கு, அவ்வளவு நல்லா இருந்துது. சாகப்போற அம்மா என்ன சொல்றா தெரியுமா? ஜன்னலைச் சாத்துங்கறா. அவ்வளவுதான்.”

“ம்.”

“கடைசியில அந்த அக்காக்காரி உருளைக்கிழங்கு சீவிட்டு இருக்கா. ஏழு நிமிஷம். தங்கச்சி எதிர்ல உக்காந்திருக்கா. அவ நிமிர்ந்துகூடப் பாக்கல. வாயே திறக்கலடி.”

“ஏழு நிமிஷமுமா?” என்றேன்.

“கீழ நீ எழுதியிருக்க, நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன்னு. யாரு சொன்னா அதை?”

“அது வந்து, ஷீட்ல...”

“அதுக்கு அடுத்தாப்ல, தமிழ் சப்டைட்டில்னு உன் பேர் வருது.”

நான் ஏதோ உளறினேன். சிவப்பு விளக்கு, பஞ்சமி, தாதா. அவள் முழுக்கக் கேட்டாள். அவள் யாருடைய பேச்சையும் நடுவில் வெட்டமாட்டாள், அதுதான் பயம்.

“வேணும்னா நேர்ல வந்து கேக்கணும்” என்றாள். “இன்னொருத்தி வாயில கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது.”

போனை வைத்துவிட்டாள். நான் அந்தப் படத்தைப் போட்டுக் கடைசிக்கு ஓட்டினேன். அவள் சொன்னது சரி. மங்கலான ஜன்னல், மொட்டைக் கத்தி, தோல் சுருண்டு சுருண்டு தட்டில் விழுகிற சத்தம். இறுகிய அந்த உதட்டின் கீழே என் தமிழ் வெள்ளையாக, அழகாக, கொஞ்சமும் கூசாமல் வந்து வந்து போனது. எத்தனையோ நகல்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கேவலமான ஒன்றைப் பார்த்ததில்லை. இஞ்சி போதவில்லை. குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒரு டப்பா தேங்காய் உருண்டையோடு சாந்த்ராகாச்சி பஸ் ஏறினேன். தசமிக்குப் பிறகு பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டு, இனிப்பு கொடுத்து, இனிப்பு வாங்கித் தின்றால் பழைய மனஸ்தாபம் எல்லாம் தீர்ந்தது என்று இங்கே ஒரு வழக்கம். விஜயா என்பார்கள். மூன்று தலைமுறையாக நாங்களும் செய்கிறோம். அப்பா இறந்த பிறகு மூன்று விஜயாவும் அக்காவின் காலைத் தொட்டிருக்கிறேன், அவளும் தலையில் கை வைத்திருக்கிறாள். ஒன்றும் தீரவில்லை. வழக்கத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. கும்பிட்டேனே தவிர, எதற்காகக் கும்பிடுகிறேன் என்று நான் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அக்கா தரையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ரயில் யார்டில் டியூட்டி. பெண் கல்லூரிக்குப் போயிருந்தாள். குனிந்து காலைத் தொட்டேன். “நல்லா இரு” என்றாள். டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாள்.

நான் மறுபடி சிவப்பு விளக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கையை நிறுத்தவில்லை.

“அந்த அமெரிக்காக்காரன் படத்துல போன் கம்பி அறுந்துபோச்சுன்னு வருமே” என்றாள்.

“ஆமா. கர்மம்.”

“பனி பேஞ்சு.”

“ஆமா.”

“உனக்கு என்ன அறுந்துது?”

வெளியே யார்டில் பெட்டிகளை இணைக்கிற சத்தம் டமார் டமாரென்று கேட்டது. பரீட்சை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிப்போன வார்த்தை. அன்றைக்குத்தான் அதுவும் ஒரு பனி என்று புரிந்தது.

“ஒண்ணும் அறுந்துபோகல” என்றேன். “பரீட்சைக்காகவும் இல்ல. சின்னதுலேர்ந்து அப்பா நீ வந்தா உன்னைத்தான் பாப்பார். நீ பேசினா நீ பேசறதைத்தான் கேப்பார். அந்த நாலு நாள் என்னை மட்டும் பாத்துட்டு இருந்தார்க்கா. தண்ணி வேணும்னா என்னைக் கேட்டார். ரெண்டாம் நாளே டாக்டர் சொல்லிட்டார், பொழைக்கமாட்டார்னு. தெரிஞ்சுதான் சொல்லல. நீ வந்தா அது போயிடும்னு.”

சொல்லி முடித்தேன். அசிங்கமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை. என்னை இன்னும் அசிங்கப்படுத்தியது அடுத்து நடந்தது. சொன்ன கையோடு என் மனசு காத்துக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்லியாகிவிட்டதே, இனி அவள் நிமிர்வாள், கண் கலங்கும், அடி அசடே என்று கூப்பிடுவாள் என்று. எங்கேயோ ஒரு வயலின்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. முப்பது வருஷம் நல்ல படம் பார்த்த லட்சணம் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

அக்கா பரங்கிக்காய்த் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள். அரிவாள்மணையைக் கழுவிச் சாத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

“சாப்ட்டுட்டுப் போ” என்றாள்.

சாப்பிட்டேன். ரசமும் பரங்கிக்காய்க் கூட்டும். எனக்குப் பிடிக்கும் என்று அப்பளம் பொரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்வரை ஏதேதோ நினைத்தேன், பிறகு அப்பளத்துக்குள் அர்த்தம் தேடுகிற என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன். யார் வந்தாலும் அவள் அப்பளம் பொரிப்பாள்.

மறுநாள் தாதாவிடம் போய், அந்தப் பதினோரு வரிகளையும் எடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். யாரும் புகார் செய்யவில்லையே, பார்த்தவர்கள் தமிழ் முடிவைப் பாராட்டித்தானே எழுதியிருக்கிறார்கள் என்று போனில் காட்டினார். ஒருத்தர் கடைசி வசனத்தில் உடைந்து அழுதேன் என்று எழுதியிருந்தார்.

“எடுக்கணும்னா படத்தில் இல்லாததைப் போட்டோம்னு எழுத்தில் கொடுக்கணும், தீதி. ஆபீஸ் பேரில் கொடுக்க முடியாது, உங்க பேரில்தான். அப்புறம் உங்களுக்குப் படமே தரமாட்டாங்க” என்று பெங்காலியில் சொன்னார். போடச் சொன்னது அவர்தான் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் டீ வாங்கப் போய்விட்டார். அவரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? அவர் நகலிலிருந்து வரிகளை எடுத்துப் போடத்தான் சொன்னார். இழைக்கச் சொல்லவில்லை.

என் பேரிலேயே எழுதிக் கொடுத்தேன். மௌனமான இடத்தில் வசனத்தைச் சேர்த்தது நான், வேறொரு படத்திலிருந்து எடுத்தேன், தெரிந்துதான் செய்தேன் என்று மூன்று வரி. இப்போது எனக்குப் படம் வருவதில்லை. சமையல் நிகழ்ச்சியும், வீட்டை இடித்துக் கட்டிக் காட்டுகிற நிகழ்ச்சியும் வருகின்றன. எல்லாம் அமெரிக்கர்கள் எடுத்தவை. பழைய சமையலறையை உடைத்துப் பெரிதாக்கிக் காட்டியதும் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். “கடவுளே!” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை தமிழில் தட்டுகிறேன்.

திருத்திய படம் ஏறுவதற்கு மூன்று வாரம் ஆனது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒருநாள் படத்தைப் போட்டுப் பார்த்தேன். கடைசி ஏழு நிமிஷத்தில் ஒரு எழுத்து இல்லை. கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினேன், எடுத்துவிட்டார்கள் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“பாத்தேன்” என்றாள்.

இந்தத் தடவையாவது அவள் பேச வேண்டிய இடத்தை அவளுக்கே விட்டுவிட வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். யார்டில் பெட்டிகள் இணைகிற சத்தம் போன் வழியாகக் கேட்டது.

“இப்பதான் சரியா இருக்கு” என்றாள். “இனிமே அதுல கை வைக்காதே.”